களம் கலைந்த பின்னும் ஆட்டம்

விளையாட்டுக்கும் வரலாறு உண்டு என்று கூறினால் நம்மில் பலர் புன்முறுவல் பூப்பர். மன்னர்களின் போர்களையும் அமைச்சர்களின் உடன்படிக்கைகளையும் கல்லிலும் செம்பிலும் பொறித்துவைத்த மனிதகுலம், அந்திப்பொழுதில் திண்ணையில் அமர்ந்து என்ன ஆடியது என்பதை எழுதிவைப்பதில் அவ்வளவு அக்கறை காட்டியதில்லை. ஆயினும் விளையாட்டுகள் அழிந்துவிடவில்லை. ஏடுகளில் இடம்பெறாத ஆட்டங்கள் பாட்டியரின் நினைவில் வாழ்ந்தன. அங்கிருந்து பேரக் குழந்தைகளின் கைகளுக்கு இறங்கின. இருபத்தோராம் நூற்றாண்டிலோ இதற்கு நேர்மாறான விந்தை ஒன்று நிகழ்கிறது. ஒவ்வோர் அசைவும் இயந்திரத்தில் எழுதப்பெறும் ஆட்டங்கள், ஒரு நாள் நள்ளிரவில் ஒரு பொத்தானை அழுத்தியவுடன் சுவடின்றி மறைகின்றன. அவ்வாறு மறையவேண்டிய ஓர் ஆட்டம் வேறு வடிவெடுத்துப் பிழைத்த கதையும், அதனோடு நம் பெங்களூருக்குள்ள தொடர்பும் இன்று நாம் காணவிருக்கும் பொருள்.

தாயத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு வேண்டியவை ஒரு சுண்ணாம்புக் கட்டி, இரண்டு பித்தளைக் கட்டைகள், சில புளியங்கொட்டைகள், கொஞ்சம் நிழல். தாயம் விழுந்தால் காய் இறங்கும். மலையில் நிற்கும் காயை எவரும் வெட்ட இயலாது. சுற்றி வந்த காய் பழமாகும். இவ்வளவையும் ஒரு சிறுமி அரை நாழிகையில் கற்றுக்கொள்வாள். 1809ஆம் ஆண்டில் பெங்களூரில் ஆங்கிலேயரின் படைவீடு அமைந்தது. தண்டு என வழங்கிய அப்பகுதிக்குச் சென்னைப் படையைத் தொடர்ந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் சுருக்குப்பையில் இந்தக் கட்டைகளையும் கொண்டு வந்திருந்தால் வழியில் தடுத்துக் கேட்பார் ஒருவரும் இருந்திரார். அல்சூரிலோ சிவாஜி நகரிலோ தரையில் கட்டம் கீறிய மறுகணமே ஆட்டம் அங்கே குடியேறிவிடும். பம்பாய்த் தாராவிக்குப் போனவர்க்கும் தில்லிக் கரோல்பாகுக்குப் போனவர்க்கும் இதுவே பொருந்தும். களமும் கருவியும் விதியும் ஆடுவோரிடமே இருந்தமையால், ஆட்டத்தை உடன் கொண்டுசெல்ல எவருடைய இசைவும் வேண்டியிருக்கவில்லை.

ஆடுவோரின் தொகை மாறும்போது ஆட்டமும் தன்னை மாற்றிக்கொள்வது புதுமையன்று. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பீரூனி, நால்வர் அமர்ந்து பகடை உருட்டி ஆடும் சதுரங்கத்தை விவரிக்கிறார். நால்வர் சதுரங்கம் முந்தியதா, இருவர் சதுரங்கம் முந்தியதா என்று அறிஞர் நெடுங்காலம் வாதிட்டனர். எது முந்தியதாயினும், பகடையை விலக்கிவிட்டு இருவர் மட்டும் ஆடும் சதுரங்கமே உலகை வலம்வந்தது. பச்சீசியின் பயணமும் இத்தகையதே. பத்தேபூர் சிக்ரியின் முற்றத்தில் கல் பரப்பி மாளிகை அளவில் அக்பருக்காக அமைத்ததென்று காட்டப்பெறும் அந்த ஆட்டம், 1896இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற லூடோவாகச் சுருங்கி, அட்டைப் பெட்டியில் அடங்கிக் குழந்தைகளின் கைக்கு வந்தது.

பெங்களூருக்கு அண்மையிலேயே இதற்கொரு சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. மைசூரை ஆண்ட மும்மடி கிருஷ்ணராஜ உடையார், 1794 முதல் 1868 வரை வாழ்ந்தவர். 1831இல் ஆட்சிப் பொறுப்பை ஆங்கிலேயர் தம் கையில் எடுத்துக்கொண்டபின், சிம்மாசனம் மட்டும் அவருக்கு எஞ்சியது. ஆள நாடில்லாத அரசர் கட்டங்களை ஆண்டார் என்று சொல்லத் தோன்றுகிறது. இருவர் ஆடுவனவும் பலர் சூழ்ந்து ஆடுவனவுமாகப் பல பலகை ஆட்டங்களை அவர் வகுத்தார். அவர் காலத்தில் உருவான ஸ்ரீதத்துவநிதி என்னும் பெருந்தொகுப்பின் ஒன்பது நிதிகளுள் இறுதியான கௌதுகநிதி இத்தகைய விளையாட்டுகளுக்கென்றே அமைந்தது. சதுரங்கக் குதிரை 64 கட்டங்களையும் ஒருமுறை மட்டும் மிதித்துச் செல்லும் வழியை, ஒவ்வொரு வரிசையின் கூட்டுத்தொகையும் 260 ஆகுமாறு அவர் அமைத்தமை கணித நூலாரும் போற்றும் செய்தி. ஆட்டத்தின் விதியை ஏட்டில் எழுதிவைத்தமையால், ஆடியவர் மறைந்து ஒன்றரை நூற்றாண்டு கடந்த பின்னும் அவற்றை மீண்டும் ஆடிப்பார்க்க இயலுகிறது. இச்செய்தியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்; பின்னர் இது பயன்படும்.

இனி இயந்திர யுகத்துக்கு வருவோம். 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்னும் மாணவர், பலர் ஒரே வேளையில் உலவத்தக்க கற்பனை உலகம் ஒன்றைக் கணிப்பொறியில் படைக்கத் தொடங்கினார்; ரிச்சர்டு பார்ட்டில் என்பவர் அதனை நிறைவு செய்தார். மட் என்பது அதன் பெயர். படம் இல்லை, ஒலி இல்லை, எல்லாம் எழுத்துகளே. ஆயின் அதில் ஒரு பெரிய மாற்றம் பொதிந்திருந்தது. ஆடுபவர் தம் அறையில் இருப்பார். ஆட்டமோ வேறிடத்தில் இருக்கும். 1997இல் அல்டிமா ஆன்லைன் வெளிவந்தபோது இம்முறை பெருவணிகமாயிற்று. ஆட்டத்தின் உலகம் நிறுவனத்தின் இயந்திரத்தில் இரவும் பகலும் இயங்கிக்கொண்டிருக்கும். சந்தா செலுத்துவோர் அதனுள் நுழைந்து வருவர்.

அந்த இயந்திரத்தைத் தமிழில் வழங்கி என்கிறோம். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இங்கு ஒரு சொல். வழங்கி என்பது கொடைத்தன்மை தோன்றும் அழகிய சொல். ஆயின் தருவது போலவே மறுக்கும் ஆற்றலும் அதற்கு உண்டு. ஆன்லைன் என்பதற்கு இணையவழி என்றும், ஆஃப்லைன் என்பதற்கு இணைப்பறு நிலை என்றும் எழுதுகிறோம். இணைப்பறு என்றவுடன் ஏதோ ஒன்றை இழந்துவிட்டது போன்ற ஒலி எழுகிறது. தாயம் ஆடிய பாட்டியிடம் அவர் இணைப்பறு நிலையில் ஆடினார் என்று சொன்னால் அவர் நகைப்பார்; அவரைப் பொறுத்தவரை அதுதான் ஆட்டத்தின் இயல்பு நிலை.

பெங்களூரின் பங்குக்கு வருவோம். 1996இல் பிரிகேடு சாலையில் காபியும் இணையமும் ஒருங்கே விற்ற காபி டே கடை திறந்தது. அடுத்த ஆண்டு, அஃதாவது அல்டிமா ஆன்லைன் பிறந்த அதே 1997இல், ராஜேஷ் ராவ் என்பவர் பெங்களூரில் துருவா இன்டராக்டிவ் என்னும் ஆட்டக் கூடத்தைத் தொடங்கினார். இந்தியாவில் கணினி ஆட்டங்களைத் தொழிலாகக் கொண்ட முன்னோடி நிறுவனம் அது. தன் பெயரில் ஆட்டம் வெளியிட்டுப் புகழ் பெறுவதைவிட, அயல்நாட்டு ஆட்டங்களுக்கு வேண்டிய மரமும் மாளிகையும் ஊர்தியும் படைக்கலமும் வரைந்து கொடுப்பதிலேயே அது பெரிதும் நிலைத்தது. கோயில் எவருடையதாயினும் தூணைச் செதுக்கியவர் நம்மவர் என்பது போன்ற நிலை. 2019இல் அமெரிக்காவின் ராக்ஸ்டார் நிறுவனம் துருவாவை வாங்கித் தன் பெங்களூர்க் கூடத்தோடு இணைத்துக்கொண்டது.

இரண்டாயிரத்தின் முதற் பத்தாண்டில் பெங்களூர்த் தெருக்களில் நெட் கஃபேக்கள் மலிந்தன. அங்கே பத்துப் பதினைந்து கணினிகளைக் கம்பியால் பிணைத்து, கல்லூரி மாணவர் இரு அணியாகப் பிரிந்து கவுண்டர் ஸ்டிரைக் ஆடினர். மணிக்கு இவ்வளவு என்று கட்டணம். வெளியுலக இணைப்பு அறுந்தாலும் ஆட்டம் நிற்காது. ஏனெனில் அக்கணினிகளுள் ஒன்றே வழங்கியாக இருந்தது. அணியினர் தோளோடு தோள் உரசி அமர்ந்திருந்தனர். திண்ணைத் தாயத்துக்கும் மட் என்ற ஆட்டத்துக்கும் இடைப்பட்ட இந்த நிலை வரலாற்றில் போதிய கவனம் பெறவில்லை என்பது என் கருத்து.

பின்னர்க் கைப்பேசி வந்தது. 2018இல் பப்ஜி மொபைல் வெளிவந்ததும் நாடெங்கும் இளைஞர் அதில் ஆழ்ந்தனர். ஊரைப் பிரிந்து வெளிமாநிலத்தில் பணிபுரிவோர்க்கு அது வெறும் ஆட்டம் மட்டுமன்று. பெங்களூரில் ஒருவரும் மதுரையில் ஒருவரும் புனேயில் ஒருவருமாக இரவு பத்து மணிக்கு ஒரே அணியில் கூடிப் பேசிக்கொள்ளும் இடமாக அது விளங்கியது. 2020 செப்டம்பர் 2ஆம் நாள், நாட்டின் பாதுகாப்பையும் இறையாண்மையையும் காரணம் காட்டி, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் 118 செயலிகளை நடுவணரசு தடைசெய்தது. அவற்றுள் இதுவும் ஒன்று. ஏற்கெனவே கைப்பேசியில் நிறுவி வைத்திருந்தவர் இன்னும் சில வாரம் ஆடினர். அக்டோபர் 30ஆம் நாள் வழங்கிகளின் வாயில் மூடப்பெற்றது. செயலி கையில் இருந்தது; படமும் ஒலியும் அதனுள் இருந்தன; ஆட்டம் மட்டும் இல்லை. தடையின் நியாயம் வேறு பொருள். அதனை இங்கு ஆராயவில்லை. கையில் இருப்பதுபோல் தோன்றியது கையில் இல்லை என்பதைக் கோடிக்கணக்கானோர் ஒரே நாளில் உணர்ந்தனர் என்பதே நாம் கருதவேண்டியது.

அவ்விடத்தை நிரப்பப் பெங்களூரிலிருந்தே ஒரு முயற்சி எழுந்தது. தடை வந்த இரண்டாம் நாளே, என்கோர் கேம்ஸ் என்னும் பெங்களூர் நிறுவனத்தின் ஃபௌ-ஜி என்ற ஆட்டத்தை நடிகர் அக்‌ஷய் குமார் அறிவித்தார். 2021 குடியரசு நாளில் அது வெளிவந்தது. கல்வான் பள்ளத்தாக்கைக் களமாகக் கொண்டு, தனி வீரர் ஒருவர் முன்னேறிச் செல்லும் கதையாட்டமாகவே அது முதலில் அமைந்திருந்தது. அணியாக மோதும் பகுதி அதே ஆண்டில் பிற்பாடு வந்தது. நூறுபேர் இறங்கும் தீவில் நண்பரோடு ஆடிப் பழகியவர், தனியே ஒரு பாதையில் நடக்க நேர்ந்தபோது ஏமாற்றம் அடைந்ததில் வியப்பில்லை. பலர் ஆடும் ஆட்டத்தின் இடத்தில் ஒருவர் ஆடும் ஆட்டத்தை வைப்பது ஒன்று. பலர் ஆடிய அதே ஆட்டத்தைச் சிலர் ஆடுமாறு திருத்துவது மற்றொன்று. பின்னதே அரிய வேலை.

அவ்வரிய வேலையைச் செய்துகாட்டிய ஆட்டத்தின் பெயர் வேஃபைண்டர், வழிகாண்போன் எனலாம். அதனைப் படைத்தது ஏர்ஷிப் சிண்டிகேட் என்னும் கூடம். அது இருப்பது ஆஸ்டினில். நம் பெங்களூர் ஆஸ்டின் டவுன் அன்று, டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின். படக்கதை ஓவியர் ஜோ மதுரேரா அதன் நிறுவனர்களுள் ஒருவர். கனடாவின் டிஜிட்டல் எக்ஸ்ட்ரீம்ஸ் நிறுவனம் வெளியீட்டாளராக நின்று வழங்கிகளை நடத்தும் பொறுப்பை ஏற்றிருந்தது. 2023 ஆகஸ்டில், முழுமை பெறுமுன்பே விலைக்கு வரும் முன்னணுகல் முறையில் ஆட்டம் வெளியாயிற்று. முதல் நாளே வாயிலில் பெருங்கூட்டம். உள்ளே செல்ல இயலாது வரிசையில் நின்றோர் பலர். அவ்வாண்டு நவம்பரில் வெளியீட்டாளர் பிறருடைய ஆட்டங்களை வெளியிடும் பிரிவையே கைவிட்டார். ஆட்டம் படைத்தவரிடமே திரும்பி வந்தது. ஆனால் இரவும் பகலும் வழங்கிகளை ஓட்டும் செலவைத் தாங்குவது சிறிய கூடத்துக்கு எளிதன்று.

இத்தகைய நிலையில் வழக்கமாக நிகழ்வது மூடுவிழாவே. இக்கூடத்தார் ஆட்டத்தையே பிரித்துப்போட்டு மீண்டும் கட்டினர். 2024 மே இறுதியில் எக்கோஸ் என்ற பெயரில் மாற்றுருவம் வந்தது. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் நிறைவுற்ற பதிப்பு வெளியாயிற்று. இப்போது ஒருவர் தனியாக, இணைப்பே இன்றி ஆடலாம். விரும்பினால் மூவர் வரை கூடி ஆடலாம். ஆட்டத்துக்குள்ளே நடந்த சில்லறை விற்பனை முழுவதும் நீங்கியது. காசு கொடுத்து வாங்கவேண்டியிருந்த அணிகலன்களை ஆடியே ஈட்டுமாறு அமைத்தனர். ஒருமுறை விலை கொடுத்தால் முடிந்தது.

சொல்வதற்கு எளிதாகத் தோன்றும் இம்மாற்றத்தின் உட்பொருளைச் சிறிது விரித்துரைக்க வேண்டும். இணைய ஆட்டத்தில் பகடையை உருட்டுவது ஆடுபவர் அல்லர். நாம் பொத்தானை அழுத்துகிறோம். கடலுக்கு அப்பாலுள்ள வழங்கி பகடையை உருட்டி, "உனக்கு ஐந்து விழுந்தது" என்று சொல்லியனுப்புகிறது. காய் எங்கே நிற்கிறது, எத்தனை பழம் என்ற கணக்கும் அங்கேயே இருக்கிறது. பொய்யாட்டத்தைத் தடுப்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. ஆகவே வழங்கியை எடுத்துவிட்டால் நம்மிடம் எஞ்சுவது பகடையும் கணக்கும் இல்லாத வெறும் கட்டம். இணைப்பின்றி ஆடவேண்டுமாயின் பகடை உருட்டும் பகுதியையும் கணக்கெழுதும் பகுதியையும் ஆடுபவரின் இயந்திரத்துக்குள்ளேயே புதிதாக எழுதிவைக்க வேண்டும்.

அத்துடன் முடிவதில்லை. கூட்டத்தை எதிர்பார்த்து அமைத்த அரக்கனைத் தனியொருவர் வெல்லுமாறு அவன் வலிமையை அளந்து குறைக்க வேண்டும். நாள்தோறும் வரவழைப்பதற்காக வேண்டுமென்றே மெதுவாக்கி வைத்திருந்த வெகுமதிகளை விரைவுபடுத்த வேண்டும். அயலார் உலவிய நகர்ச் சதுக்கத்தில் இனி எவரும் இல்லையே. அதற்கு என்ன செய்வது? இங்கேதான் இழப்பும் தெரிகிறது. முன்பின் அறியாதவர் ஒருவர் வழியில் தோன்றி, ஒரு சண்டையில் கைகொடுத்துவிட்டுப் பெயர் சொல்லாது போகும் இன்பம் மூவர் ஆட்டத்தில் இல்லை. பொய்யாட்டமும் எளிதாகிவிடும். ஆயின் மூவர் நண்பராக அமர்ந்து ஆடுமிடத்தில் ஒருவர் பொய்யாடினால் மற்ற இருவரும் அவரைப் பார்த்துக்கொள்வர். திண்ணையில் அதற்குத் தனிக் காவலர் இருந்ததில்லை.

துருவாவின் கலைஞர் பங்கேற்ற ஆட்டங்களுள் 2018இல் வெளிவந்த சீ ஆஃப் தீவ்ஸ் என்ற கடற்கொள்ளையர் ஆட்டமும் ஒன்று. அதில் எதிர்ப்படும் கப்பலெல்லாம் பகையாகலாம். 2023 டிசம்பரில், பிறர் கப்பல் எதுவும் வாராத அமைதிக்கடல் ஒன்று அதில் சேர்க்கப்பெற்றது. நம் மாலுமிகளோடு மட்டும் நாம் பயணம் செய்யலாம். ஆயின் அக்கடலும் நிறுவனத்தின் வழங்கியில்தான் இருக்கிறது. வேஃபைண்டர் முழுத்தொலைவு நடந்தது. இது பாதித்தொலைவு நின்றது எனலாம். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 2024 நவம்பரில் அனிமல் கிராசிங் பாக்கெட் கேம்ப் என்ற கைப்பேசி ஆட்டத்தின் இணையச் சேவையை நிறுத்தி, டிசம்பரில் அதனையே ஒருமுறை விலைக்கு வாங்கி இணைப்பின்றி ஆடும் பதிப்பாக வெளியிட்டது.

இவ்வாறு பிழைத்தவை சிலவே. யூபிசாஃப்ட் என்னும் பிரெஞ்சு நிறுவனம் 2014இல் வெளியிட்ட தி க்ரூ என்ற ஊர்தி ஆட்டத்தில் தனியே ஆடத்தக்க நீண்ட கதையும் இருந்தது. ஆயினும் வழங்கியின்றி அது திறவாது. 2024 மார்ச் 31ஆம் நாள் வழங்கிகள் நின்றன. விலை கொடுத்து வாங்கியவர் கையில் ஒன்றும் எஞ்சவில்லை. அதன்பின் ஏப்ரலில் ராஸ் ஸ்காட் என்பவர், ஆட்டங்களைக் கொல்வதை நிறுத்துங்கள் என்னும் பொருளுடைய இயக்கத்தைத் தொடங்கினார். கலிபோர்னியா மாநிலம் 2024இல் ஒரு சட்டம் இயற்றியது. இணையவழி விற்கும் பண்டத்துக்கு உரிமம் மட்டுமே தருவதாயின், வாங்குங்கள் என்ற சொல்லை எழுதுமுன் அவ்வுண்மையை விளக்க வேண்டும் என்பது அதன் சாரம். இணைப்பின்றி என்றும் ஆடத்தக்கவாறு இறக்கிக்கொள்ளத் தருவோர்க்கு அதில் விலக்கு உண்டு. 2025 தொடக்கத்தில் அது நடைமுறைக்கு வந்தது. வாங்குதல், உரிமம் பெறுதல் ஆகிய இரு வினைகளின் வேறுபாட்டுக்காகவே ஒரு சட்டமன்றம் கூடியது என்பதைப் படித்தபோது, சொல்லோடு மல்லாடும் தொழிலினனாகிய எனக்குச் சற்று மகிழ்ச்சி உண்டாயிற்று என்பதை மறைப்பானேன்?

நம் நாட்டில் 2025 ஆகஸ்டில் நிறைவேறிய இணையவழி விளையாட்டுச் சட்டம் வேறு நோக்கமுடையது. பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை அது தடுத்தது. பெங்களூரில் அலுவலகம் கொண்ட நிறுவனங்கள் சிலவும் அவ்வகை ஆட்டங்களை நிறுத்தின. அங்கே பாதுகாக்க வேண்டியது ஆடுவோரின் பணப்பை. ஆட்டத்தையே பாதுகாப்பது பற்றிய வினா அதில் எழவில்லை.

அவ்வினாவை நேராக எழுப்பியது ஐரோப்பிய ஒன்றியத்தில் மேற்சொன்ன இயக்கத்தார் முன்வைத்த குடிமக்கள் மனு. 2024 ஜூலை 31 முதல் ஓராண்டு கையொப்பம் திரட்டினர். தேவையான பத்து லட்சத்தை அத்தொகை விஞ்சியது. நிறுவனங்கள் வழங்கிகளை என்றென்றும் நடத்தவேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. பதிப்புரிமையைத் துறக்கவேண்டும் என்றும் கேட்கவில்லை. சேவையை நிறுத்தும் நாளில், வாங்கியவர் தம் சொந்த இயந்திரத்தில் தொடர்ந்து ஆடத்தக்க நிலையில் ஆட்டத்தை விட்டுச்செல்ல வேண்டும் என்பதே கோரிக்கை. பின்னாளில் சேர்ப்பது பெருஞ்செலவு என்றும், நண்பர் நடத்தும் தனி வழங்கிகளில் நிகழும் தீங்குக்குத் தாம் பொறுப்பேற்க நேரும் என்றும் தொழில்துறையினர் மறுத்துரைத்தனர். அம்மறுப்பில் உண்மை இல்லாமலில்லை. கட்டிய வீட்டை இடித்துக் கட்டுவதைவிட, கட்டும்போதே பின்வாயில் வைப்பது எளிது. மும்மடி கிருஷ்ணராஜர் விதியை ஏட்டில் எழுதிவைத்ததும் ஆட்டம் நடந்துகொண்டிருந்த காலத்திலேதான். யூபிசாஃப்ட் நிறுவனமும் தன் தொடரின் அடுத்த ஆட்டமாகிய தி க்ரூ இரண்டுக்கு இணைப்பின்றி ஆடும் வழியை 2025இல் சேர்த்தது. அதன் வழங்கிகள் அப்போது இயங்கிக்கொண்டுதான் இருந்தன.